ரேகை பதியவில்லை

"விரலைத் தொடைச்சிட்டு வைங்க" என்கிறார் மாணிக்கவாசகம்.
துடைக்கிறேன்,
முந்தானையில் ஒரு தடவை,
அவர் நீட்டிய ஈரத்துணியில் இன்னொரு தடவை.
கழனிவாசல் ரேஷன் கடையின் கறுப்புப் பெட்டி
சிவப்பாய் ஒற்றைக் கண்ணைத் திறந்து
என் கட்டைவிரலை உற்றுப் பார்க்கிறது.
ஆள் யாரென்று தெரியவில்லையாம்.

பன்னிரண்டு வருஷமாய் இந்த விரல் பார்த்த வேலையைப்
பெட்டியிடம் எப்படிச் சொல்ல?

செக்காலையில் ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஒற்றை அறை.
இரண்டு ஸ்டூல், ஒரு மின்விசிறி,
சுவரில் பாதத்தின் படம்.
பெருவிரலில் தலை, குழிவில் வயிறு, குதிகாலில் இடுப்பு.
முதல் நாள் வருகிறவர்கள் எல்லோரும்
பஸ் ஸ்டாண்டில் ஊர்ப்பெயர் தேடுகிற மாதிரி
அதில் தங்கள் வலியைத் தேடுவார்கள்.

சர்க்கரைப் புண்ணா, பெரியாஸ்பத்திரிக்கு அனுப்புவேன்.
நெஞ்சு வலியா, ஆட்டோவை நானே கூப்பிடுவேன்.
மீதிதான் எனக்கு.

கண்ணாடி மேல் சாயச் சாந்து ஊற்றி ஊற்றி
மணிக்கட்டு இறுகிப்போய் வந்தான்
ஆத்தங்குடி வெள்ளைக்கண்ணு.
கைரேகைக்குள் பச்சையும் காவியும்;
போகும்போது என் விரலில் கொஞ்சம் பச்சை.
படைப்புக்கு சிங்கப்பூரிலிருந்து வந்த உமையாள்
நாலு ராத்திரி கண் மூடவில்லை.
"நான் வந்துட்டேன், தூக்கம் அடுத்த ஃபிளைட்டாம்" என்றாள்.
உள்ளங்கையின் நடுவில் பிடித்தேன்.
ஸ்டூலிலேயே சரிந்து தூங்கினாள்,
நான் அடுத்த ஆளைப் படிக்கட்டில் உட்காரவைத்தேன்.
தையில் பழனிக்கு நடந்து திரும்பிய கால்களைப் பற்றிச்
சொல்ல வேண்டாம்.
கொப்புளம் ஆறும்வரை தொடக்கூடாதென்று
திருப்பி அனுப்பவே எனக்குத் தொண்டை வற்றும்.

அழுத்துவது என்றால் பலம் என்று நினைக்கிறார்கள்.
மாம்பழம் பழுத்ததா என்று பார்க்கிற அழுத்தம் அது,
பழம் கன்றிவிடக் கூடாது.
சரியான இடம் வந்தால் ஆள் "ஆ" என்பார்.
அந்த "ஆ"வின் விளிம்பிலேயே விரலை நிறுத்தி
முப்பது எண்ண வேண்டும்.
எண்ணுகிறபோது
அரிசி விலையை நினைத்தால் விரலுக்குத் தெரிந்துவிடும்.

இப்போது சர்வர் வேறு போய்விட்டது.
வரிசை வாசல் தாண்டி வேப்பமரம் வரை.
மாணிக்கவாசகம் இரண்டு பொட்டையும் அமுக்கிக்கொள்கிறார்.
காலை எட்டரையிலிருந்து
எல்லோரும் அவரைத்தான் திட்டுகிறார்கள், பெட்டியை அல்ல.

"கையக் குடுங்க சார்."

பாமாயில் பாக்கெட்டுக்கும் துவரம்பருப்புக்கும் நடுவே
அவர் கையை வாங்கி,
கட்டைவிரலும் ஆள்காட்டியும் பிரிகிற
சதைமேட்டில் வைத்தேன்.
"ஆ" என்றார்.
"மாசமா இருந்தா அந்த எடத்தத் தொடக்கூடாதாமே?"
வரிசையில் ஒருத்தி.
"ஆமா, தொடக்கூடாது. சார் மாசமா இல்ல."
சிரிப்பு பின்னால் போய்ப் போய்
வேப்பமரத்தடியில் இருந்தவர்கள்
என்னவென்று தெரியாமலே சிரித்தார்கள்.
இருபத்தெட்டு, இருபத்தொன்பது.

"கொறஞ்சிருக்கா?"
"கொஞ்சம்."
பொய்யாகவும் இருக்கலாம், மனுஷன் நல்லவர்.

பெட்டி விழித்துக்கொண்டது.
வலது கட்டைவிரல், இல்லை.
இடது கட்டைவிரல், இல்லை.
ஆள்காட்டி இரண்டும் இல்லை.
தேய்ந்தது எங்கே போயிருக்கும்?
யார் யார் குதிகாலிலோ, பிடரியிலோ
ஒட்டிக்கொண்டு ஊர் ஊராய்ப் போயிருக்கும்.
சாங்கி ஏர்போர்ட்டில் ஒரு துளி இறங்கியிருக்கலாம்.

"சுண்டுவெரல வச்சுப் பாருங்க ஜெசிந்தாக்கா."

வைத்தேன்.
பச்சை விளக்கு.
பெட்டிக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் நன்றி சொன்னது.

சும்மா இருந்த விரல்.
யார் வலிக்கும் போகாமல்,
டீ குடிக்கும்போது கூட விலகியே நிற்கிற விரல்.
அதைத்தான் அரசாங்கத்துக்கு அடையாளம் தெரிகிறது.

பன்னிரண்டு கிலோ அரிசி.
வெயில் ஏறிவிட்டது, ஆட்டோ ஒன்றையும் காணோம்.
பையின் காதை
சுண்டுவிரலில் மாட்டிப் பார்த்தேன்,
தூக்க முடியவில்லை.